அவில் போட்டால் போதுமா?

இறால் வறுவல் சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்குகிறது, உடம்பெங்கும் தடிப்பு. பக்கத்து கிளினிக்கில் ஒவ்வாமைக்கான ஓர் அவில் ஊசி, ஒரு டெக்ஸா (ஸ்டீராய்டு) ஊசி போட்டு உட்கார வைக்கிறார்கள். அரிப்பு அடங்குகிறது. பலருக்கு அதோடு சரி. ஆனால் மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தலைசுற்றல், தொடர் வாந்தி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கதை வேறு. அதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர். அங்கே அவில் உயிர் காக்காது.

சோதனை நாய் சொன்னது

பிரெஞ்சு மருத்துவர் சார்லஸ் ரிஷே, கடல் அனிமோன் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தி எதிர்ப்பு சக்தியை வளர்க்கப் பார்த்தார். முதல் ஊசியைத் தாங்கிய நாய் ஒன்று, மூன்று வாரம் கழித்துப் போட்ட சிறிய அளவிலேயே அரை மணி நேரத்துக்குள் இறந்தது. 1902-இல் அவரும் பால் போர்ட்டியேவும் இந்த அனாபிலாக்சிஸ் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். 1913-இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு.

உள்ளே நடப்பது என்ன?

முதல் சந்திப்பில் வெளியே ஒன்றும் தெரியாது. இறால் புரதத்தையோ குளவி நஞ்சையோ எதிரியென்று தப்பாகக் கணித்த உடல், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது தோல், மூச்சுக்குழாய், குடல், ரத்தக்குழாய் ஓரங்களில் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த முறை அதே புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇக்களை இணைத்ததும், அந்தச் செல்கள் தம்முள் அடைத்து வைத்திருந்த ஹிஸ்டமினையும் டிரிப்டேஸையும் மொத்தமாகக் கொட்டிவிடும். பின்னாலேயே லூக்கோட்ரையீன் போன்றவை உற்பத்தியாகி மூச்சுக்குழாயை இறுக்கும். ரத்தக்குழாய்கள் விரிந்து கசியும்; பத்தே நிமிடத்தில் ரத்தக்குழாய்க்குள் உள்ள திரவத்தில் 35 சதவீதம் வரை வெளியேறக்கூடும். ரத்த அழுத்தம் சரிவது அதனால்தான்.

அவில் தடுப்பது ஹிஸ்டமினை மட்டும். டெக்ஸா வேலை செய்யவே மணிக்கணக்காகும்.

தொடையில் ஓர் ஊசி

இங்கே உயிர் காப்பது அட்ரீனலின் ஊசி. அது கசியும் ரத்தக்குழாயை இறுக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் குறைக்கும். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில் போட வேண்டும். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும் போடலாம். விலையும் சொற்பம். ‘இதயம் படபடக்குமே’ என்று தயங்குவதுதான் கொடுமை. தசையில் போடும் இந்த அளவால் வரும் படபடப்பு சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம். எழுப்பி நடக்க வைக்கவே கூடாது. திடீரென எழுந்து நின்றதும் இதயம் நின்றுபோனவர்கள் உண்டு. தேறிய பிறகும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருப்பது அவசியம், ஏனெனில் சிலருக்கு இரண்டாம் அலை வரும்.

புதிய வழிகள்

குளவி, தேனீ நஞ்சு ஒவ்வாமைக்கு அந்த நஞ்சையே நுண்ணிய அளவில் 3 முதல் 5 ஆண்டுகள் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. ரத்தத்தில் திரியும் ஐஜிஇயைப் பிடித்துக்கொள்ளும் ஒமாலிஸுமாப் ஊசிக்கு, உணவு ஒவ்வாமைக்காக 2024-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இரண்டு அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். தெரியாமல் தின்றுவிட்டால் வரும் விளைவைக் குறைக்குமே தவிர, இறாலை அள்ளிச் சாப்பிட அனுமதிச் சீட்டு அல்ல. பிடிகே என்ற நொதியைத் தடுத்து, மாஸ்ட் செல்லுக்குள் ஓடும் சமிக்ஞையையே நிறுத்தும் மாத்திரைகள் உணவு ஒவ்வாமைக்காக ஆய்வில் உள்ளன. இவை எதுவும் அனாபிலாக்சிஸ் வந்துவிட்ட நேரத்தில் அட்ரீனலினுக்கு மாற்றாகாது.