பெட்ரோல் டேங்க் கசிவு: சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

மதுரை - திண்டுக்கல் சாலையிலுள்ள பரவை காய்கறி மொத்த மார்க்கெட்டுக்குச் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து லாரியிலும் வேனிலும் சரக்கு வருகிறது. கத்தரி, வெண்டை, கீரை என ஓரிரு மூட்டை மட்டுமே உள்ள சிறு விவசாயிகளுக்கு மொபெட்டும் மோட்டார் சைக்கிளும்தான் துணை. மதுரையில் பஸ் தொழிலில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தார் 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ்.-50 மொபெட்டை வெளியிட்டனர். அதன் பிறகு மாட்டு வண்டி செய்து வந்த வேலையில் ஒரு பகுதியை இவ்வகை வண்டிகள் ஏற்றுக் கொண்டன. உர மூட்டை, மருந்து தெளிப்பான், பால் கேன், புல்கட்டு எல்லாம் இவற்றில்தான் போகின்றன.

மாடு இரை எடுக்காவிட்டால் உடனே கவனிக்கும் விவசாயி, வண்டியில் பெட்ரோல் வாடை அடித்தால் மட்டும் "அறுப்பு முடியட்டும், பார்த்துக் கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார். இது சரியல்ல. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினாலும் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் பெட்ரோல் வீணாகும். தீ அபாயமோ இதைவிடப் பெரிது. பெட்ரோல் ஆவி காற்றைப்போல் மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து சென்று அடுப்பையோ, விளக்கையோ, பீடி நெருப்பையோ எட்டிப் பிடிக்கும். கசியும் வண்டியை வைக்கோல் படப்பின் அருகிலோ, மாட்டுத் தொழுவத்திலோ, வீட்டுத் திண்ணையிலோ நிறுத்தவே கூடாது.

கண்டுபிடிப்பது எப்படி?

கண்மாய்க் கரையில் வெளிப்புறம் ஈரம் கண்ட இடத்துக்கு நேர் உள்ளேதான் ஓட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது. பெட்ரோல் கசிவும் அப்படித்தான். மேலே கசிந்த பெட்ரோல் டேங்கின் அடிப்பக்கமாகவும் பிரேம் வழியாகவும் ஓடி, வேறோரிடத்தில் சொட்டும். சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்து "டேங்க் ஓட்டை" என்று முடிவு செய்து பணத்தை வீணாக்குவோர் உண்டு. பெரும்பாலான கசிவுகள் டேங்கில் இருப்பதில்லை; டேப், ரப்பர் டியூப், கார்புரேட்டர் இவற்றில்தான் இருக்கும்.

முதலில் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, வண்டியைத் திறந்தவெளிக்குத் தள்ளிச் செல்ல வேண்டும். பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நலம். இருட்டாக இருந்தால் டார்ச் விளக்கைப் பயன்படுத்தலாம். தீக்குச்சி கிழிப்பது தற்கொலைக்குச் சமம். டேங்கின் அடிப்பக்கம், டேப், டியூப், கார்புரேட்டர் எல்லாவற்றையும் துணியால் நன்கு துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு முகப் பவுடரையோ சாக்கட்டித் தூளையோ லேசாகத் தூவி வைத்தால், பெட்ரோல் நனைத்த கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தொடர்ந்து சென்றால், ஈரம் தொடங்கும் இடமே கசிவின் இடமாகும்.

டேப் உள்ள வண்டிகளில் மற்றொரு எளிய சோதனை உண்டு. டேப்பை மூடி அரை மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டுவது நின்றுவிட்டால் கோளாறு டேப்புக்குக் கீழே, அதாவது டியூபிலோ கார்புரேட்டரிலோ இருக்கிறது. மூடிய பின்பும் சொட்டினால் டேப்பிலோ டேங்கிலோ இருக்கிறது. டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் மேற்பக்கம் நனைந்தால் மூடியின் ரப்பர் வாஷரைப் பார்க்க வேண்டும்.

சில சமயம் எந்தக் கோளாறும் இல்லாமலே பெட்ரோல் வழியும். 10 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 200 மில்லி லிட்டர் பெருகும். வாய்வரை நிரப்பிய வண்டியைச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் அது மூடி வழியே வெளியேறத்தான் செய்யும். எனவே டேங்கின் கழுத்துக்குக் கீழே இடம் விட்டு நிரப்ப வேண்டும்.

டியூப், டேப், கார்புரேட்டர்

ரப்பர் டியூப் விறைத்து, மடக்கினால் வெடிப்புத் தெரிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும். பெட்ரோலுக்கென்று விற்கும் டியூபையே போட வேண்டும். தோட்டத்தில் மிச்சமாகக் கிடக்கும் சொட்டு நீர்க் குழாயையோ, தெளிப்பான் குழாயையோ வெட்டிப் பொருத்துவது தவறு. அவற்றில் பல பெட்ரோல் பட்டதும் கொஞ்ச நாளில் இறுகி வெடித்துவிடும். இரு முனையிலும் கிளிப் அவசியம். காலடியில் மூட்டை ஏற்றும்போது அது டேப்பையோ டியூபையோ அழுத்தாதபடி பார்த்துக் கொள்ள வேண்டும்.

டேப் கசிந்தால் பெரும்பாலும் உள்ளேயுள்ள வாஷரோ, டேங்குடன் சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையமோ தேய்ந்திருக்கும். பெட்ரோலை முழுவதும் வடித்த பிறகே டேப்பைக் கழற்ற வேண்டும். கார்புரேட்டரின் ஓவர்ஃபுளோ குழாய் வழியே சொட்டினால், உள்ளேயுள்ள ஊசி வால்வில் தூசியோ துருவோ சிக்கியிருக்கலாம். மிதவை பழுதாகியும் இருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழுவி மாட்டினால் போதும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி அமலான பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. பம்பு மூலம் பெட்ரோல் அழுத்தத்துடன் செல்கிறது. இவற்றின் குழாயை வீட்டில் கழற்றக் கூடாது. பயிற்சி பெற்ற மெக்கானிக்கே பார்க்க வேண்டும்.

டேங்கே ஓட்டையானால்

தகட்டு டேங்க் பெரும்பாலும் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. மழையில் மூடி வழியே இறங்கும் நீரும், குறைந்த பெட்ரோலுடன் நாள் கணக்கில் நிற்கும்போது உட்சுவரில் வியர்க்கும் நீரும் அடியில் தங்கி அரிக்கின்றன. வெளிப்புறத்தில் உரமும் ஒரு காரணம். பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட் போன்ற உரங்கள் ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும். மோட்டார் அறையில் உர மூட்டைகளின் மேல் சாய்த்து வண்டியை நிறுத்தும் பழக்கத்தைக் கைவிட வேண்டும்.

இப்போது கவனிக்க வேண்டிய புதிய விஷயம் எத்தனால். கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் கலக்கும் திட்டம் 2022-ல் 10 சதவீதத்தையும், 2025-ல் 20 சதவீதத்தையும் எட்டியது. விளைபொருளுக்குச் சந்தை தரும் திட்டம் என்றாலும், எத்தனால் நீரை ஈர்க்கும் குணமுடையது. நீர் அளவு மீறினால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் படியும். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோ மீட்டர் ஓடிய பின் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று 2025-ல் மத்திய பெட்ரோலிய அமைச்சகமே தெரிவித்துள்ளது. எனவே மாதக்கணக்கில் ஓடாத வண்டியில் பெட்ரோலை விட்டு வைக்கக் கூடாது.

ஊசித் துளை அளவு கசிவுக்கு, வழியில் சலவை சோப்பை அழுத்தித் தேய்த்து அடைப்பது பழைய கைமுறை. வீடு வந்து சேரவே அது உதவும். நிலையான வைத்தியம் அல்ல. சிறு துளையை எம்-சீல் போன்ற இரு கலவைப் பசையால் அடைக்கலாம். பெட்ரோலை வடித்து, டேங்கைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து, துளையைச் சுற்றிப் பெயிண்டையும் துருவையும் உப்புத் தாளால் கையால் தேய்த்து வெறும் தகடு தெரியும்படி செய்ய வேண்டும். பசையைப் பூசி ஒரு நாள் முழுவதும் இறுகவிட வேண்டும். ஈரமான இடத்திலும் பெயிண்டின் மேலும் பசை நிற்காது. தகடு பல இடங்களில் பொத்தலாகியிருந்தால் ஒட்டுப் போடுவதில் பயனில்லை. டேங்கை மாற்றுவதே சிக்கனம்.

காலி டேங்க்தான் பயங்கரம்

விரிசலையும் பெரிய ஓட்டையையும் பற்றவைக்க வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு செல்கின்றனர். "பெட்ரோலைக் கொட்டிவிட்டோம், இனி பயமில்லை" என்று எண்ணுவது உயிருக்கே உலை வைக்கும். காற்றில் பெட்ரோல் ஆவி 100-க்கு ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை கலந்திருந்தால், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். நிறைந்த டேங்கில் அப்படிப்பட்ட கலவைக்கு இடம் குறைவு. காலி டேங்கிலோ வெடிக்கத் தோதான காற்றும் ஆவியும் நிறைந்திருக்கும். 10 லிட்டர் டேங்கை வெடிக்கச் செய்ய ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான பெட்ரோல் போதும். தகட்டின் மடிப்பிலும் துருவிலும் அவ்வளவு எப்போதும் ஒளிந்திருக்கும். ஒரு முறை தண்ணீர் விட்டு அலசினால் அது போகாது. பற்றவைக்கும் சூட்டில் ஆவியாகி வெளிவரும்.

இவ்வேலையில் அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் டேப்பையும் மூடியையும் கழற்றி, சோப்புத் தூள் கலந்த வெந்நீரால் பல முறை கழுவுவார்கள். பிறகு ஓட்டை மேற்புறம் வரும்படி டேங்கைத் திருப்பி, பற்றவைக்கும் இடத்தை ஒட்டிய அளவு வரை தண்ணீர் நிரப்பி, ஆவி தங்க இடமில்லாமல் செய்து, காற்றுப் போக்கு வழியைத் திறந்து வைத்த பிறகே வேலையைத் தொடங்குவார்கள். இப்படிச் செய்யாமல் நேரே நெருப்பை வைக்கும் பட்டறையில் டேங்கைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிட வேண்டும். "சீக்கிரம் முடித்துக் கொடுங்கள்" என்று அவசரப்படுத்துவதும் தவறு. பற்றவைப்பவரும் ஒரு குடும்பத்தின் தலைவர்தான்.

வடித்த பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலிலோ சோடா பாட்டிலிலோ ஊற்றி வைக்கக் கூடாது. குழந்தைகள் தண்ணீர் என்று குடித்துவிடும் ஆபத்து உண்டு. இறுக்கமான மூடியுள்ள தகர டின்னில் வைத்து உடனே பயன்படுத்திவிட வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறையும், கோடை தொடங்கும் முன் ஒரு முறையும் டியூப், டேப், மூடி வாஷர் மூன்றையும் பார்த்து வைத்தால் பெரும்பாலான கசிவுகளைத் தவிர்க்கலாம். வாடை வந்த அன்றே பார்த்தால் ஒரு ரப்பர் டியூபோடு முடிகிற வேலை இது.