நினைவகம் போனபின் இடாப்பு

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே அதன் நினைவகத்தில் ஒரு பங்கை அகற்றிவிடலாம் என்றால் பலர் வியப்படைவர். வீட்டுக் கணினியில் இதற்கு வேலையில்லை. பெருஞ் சேவையகங்களிலும், ஒரே பொறிக்குள் பல கணினிகள் இருப்பதுபோல் இயங்கும் மெய்நிகர் பொறிகளிலும் இது நடைபெறுவதுண்டு. அதை நடத்துவது பணிசெயல் முறைமையின் கருவான கேர்னல். லினக்ஸ் கேர்னல் அதை எவ்வாறு செய்கிறது என்பதே இன்றைய பேச்சு.

புத்தளம் கரையோரத்து உப்பளங்கள் வரம்பிட்டுப் பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்டிருப்பது போல, நினைவகமும் பெரும்பாலும் 4096 பைற்றுக் கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கேர்னல் ஒரு பதிவு வைத்திருக்கிறது. வழக்கமாக அதன் அளவு 64 பைற்று. 128 மெகாபைற்றுப் பகுதியொன்றில் 32,768 பக்கங்கள்; அவற்றின் பதிவுகளுக்கு மட்டும் 2 மெகாபைற்று வேண்டும். இந்த இடாப்பும் நினைவகத்தில்தானே இருக்கவேண்டும்? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அகற்றப்போகும் பகுதியிலுள்ள தரவுகளை முதலில் வேறிடத்துக்குக் குடிபெயர்க்க வேண்டும். பெயர்க்க முடியாத ஒரு பக்கம் இருந்தாலும் அகற்றல் கைகூடாது. குடிகள் போனபின் எஞ்சுவது இடாப்பு. பள்ளிக்கூட இடாப்பில் வேறூர் சென்ற பிள்ளையின் பெயர் சில மாதங்கள் நின்றாலும் எவருக்கும் சேதமில்லை. கணினியிலோ, ஒரு கிகாபைற்றைச் சேர்த்து அகற்றும் ஒவ்வொரு தடவையும் 16 மெகாபைற்று வீணே முடங்கிவிடும். மெய்நிகர் பொறிகளில் சேர்ப்பதும் அகற்றுவதும் திரும்பத் திரும்ப நிகழ்வதால் இந்தக் கசிவு அற்பமன்று.

ஆயினும் இடாப்பைக் கிழிப்பதில் அவசரம் ஆகாது. முகவரி அட்டவணையிலிருந்து ஓர் இடத்தை நீக்கினாலும், செயலிகள் ஒவ்வொன்றும் பழைய முகவரியைத் தத்தம் சிறு குறிப்பில் வைத்திருக்கக்கூடும். அக்குறிப்புகளை அழிக்குமுன் அந்த இடத்தைப் பிறருக்குக் கொடுத்தால், ஒருவர் தரவின்மேல் மற்றொருவர் எழுதிவிடுவார். பொறியே நிலைகுலையவும் கூடும்.

இன்னொரு தொல்லை, ஒரே தாளில் இரு பகுதிகளின் பதிவுகள் கலந்திருப்பது. இன்டெல் வகை 64 பிற்றுப் பொறிகளுக்கு 2013 இல் எழுதப்பட்ட வழி எளிமையானது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. விடுவிக்கும் பாகத்தின் பைற்றுகளில் எல்லாம் 253 என்னும் எண்ணை நிரப்பிவிடுவர். தாள் முழுவதும் 253 ஆகும்போதே அத்தாள் விடுவிக்கப்படும். கணினி தொடங்கும்போதே ஒதுக்கப்பட்ட இடாப்பு ஒரு வகை. பின்னர் சேர்ந்த நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டது வேறு வகை. எந்தக் கையால் வாங்கப்பட்டதோ அந்த வழியே ஒவ்வொன்றும் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும்.

2021 இல் வெளியான 5.13 ஆம் பதிப்பில் மற்றொரு ஏற்பாடும் வந்தது. புதிதாகச் சேர்க்கும் பகுதியின் இடாப்பை அப்பகுதியின் தலைப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். பகுதி அகலும்போது இடாப்பும் உடன் அகலும். 128 மெகாபைற்றில் 126 மட்டுமே பாவனைக்கு எஞ்சும் என்பதே அதற்குரிய விலை.