பட்ராஸ் நகரமும் கறுப்புத் திராட்சையும்

நம் கடைகளில் கிஸ்மிஸ் விற்கிறோம். அதைவிடச் சிறியதாக, கறுப்பாக, விதையில்லாத ஓர் உலர் திராட்சை உண்டு. அது கிரீஸ் நாட்டுச் சரக்கு. அங்குள்ள கொரிந்த் என்னும் ஊரின் பெயர் மருவித்தான் அதற்கு ஆங்கிலத்தில் 'கரன்ட்' என்று பெயர் வந்தது. ஆனால் அந்தச் சரக்கால் பெரிதும் உயர்ந்த ஊர் பட்ராஸ் துறைமுகம்.

1821-ல் துருக்கியருக்கு எதிராக விடுதலைப் போர் மூண்டபோது பட்ராஸ் எரிந்து பாழாயிற்று. 1828-ல் துருக்கியர் பிடி விட்டதும், 1829-ல் வரைபடம் போட்டு, நேரான தெருக்களுடன் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் பறித்து வெயிலில் காயவைத்த திராட்சை கப்பல் கப்பலாக இங்கிலாந்து சென்றது. கேக்குக்கும் புட்டிங்கிற்கும் ஆங்கிலேயருக்கு அது வேண்டியிருந்தது. ஊரில் செல்வம் சேர்ந்தது.

1870-களில் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை வேரைத் தின்னும் பூச்சி அழித்தது. ஒயின் காய்ச்சப் பழமில்லாமல் பிரெஞ்சுக்காரர்கள் கிரீஸின் உலர் திராட்சையை வாங்கிக் குவித்தார்கள். விலை ஏறியது. குடியானவர்கள் ஆலிவ் மரங்களை வெட்டிவிட்டுக் கடன் வாங்கிக் கொடி நட்டார்கள். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழப் பாதி இந்த ஒரே சரக்கில் வந்தது.

பிரான்ஸ் சும்மா இருக்குமா? பூச்சி தாக்காத அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித் தோட்டங்களை மீட்டது. 1892-ல் இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. 1893-ல் விலை சரிந்தது. சரக்கு தேங்கியது, கடன் நின்றது. ஏற்கெனவே வெளிநாட்டுக் கடனில் மூழ்கியிருந்த கிரீஸ் அரசே அந்த டிசம்பரில் திவாலானது. ஏற்றுமதியாகும் சரக்கில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து விலையைத் தாங்க 1895-ல் சட்டம் போட்டார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினர்.

பட்ராஸ் அழிந்துவிடவில்லை. ஆலைகள், 1964-ல் பல்கலைக்கழகம், 2004-ல் அருகில் கடல்மேல் பெரிய பாலம் என்று வளர்ந்து, இன்று நாட்டின் மூன்றாவது பெரிய நகரமாக இருக்கிறது.

நான் இதில் கண்டது ஒன்று. ஆங்கிலேயர் தின்பதற்காக வாங்கினார்கள். அது நிலைத்த வாடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் தம் தோட்டம் பட்டுப்போனதால் வாங்கினார்கள். அது பூட்டிய கடையின் கூட்டம். அடுத்த கடை பூட்டியிருக்கும் நாளில் நம் கடைக்கு வரும் கூட்டத்தை நம்பி, கடன் வாங்கிக் கொள்முதலை இரட்டிக்கலாமா? கல்லாவைப் பார்க்கும்முன், வாங்குபவர் எதற்காக வருகிறார் என்று பார்ப்போம்.