கட்டட இடிப்புப் பணிகளில் கல்நார்

வளர்ச்சித் திட்டங்களில் இடர்ப்பொருள் என்றவுடன் வேதித் தொழிற்சாலைகளே நினைவுக்கு வருகின்றன. பழைய பள்ளிக் கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் சிறு ஒப்பந்தப் பணியிலும் அத்தகைய பொருள் இருக்கக்கூடும். ஆஸ்பெஸ்டாஸ் எனப் பரவலாக அறியப்படும் கல்நார் அது. கூரைத்தகடு சிதையாதவரை சிமெண்டு அதன் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும். உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்குகின்றன. நுரையீரலுறைப் புற்றுநோயாக அது வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம்.

புதிய கட்டுமானத்தில் கல்நாரைத் தவிர்க்குமாறு உலக வங்கிக் குழுமத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுக் குறிப்பு கூறுகிறது. ஏற்கெனவே உள்ள தகட்டை நனைத்து, திருகாணிகளைக் கழற்றி, உடையாமல் இறக்கி, உறையிட்டு அகற்றுவதே முறை. ஒப்பந்த மதிப்பீட்டில் இதற்கெனத் தனித்தொகை ஒதுக்கப்படாவிடில் சம்மட்டியே வேலையை முடித்துவிடும்.

கல்நார்த் தொழிலாளரின் உடல்நலப் பதிவேடுகளைப் பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பேணுமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் ஆணையிட்டது. ஆலைத் தொழிலாளரை முன்னிறுத்திய இவ்வேற்பாடு, நாட்கூலிக்குக் கூரை இறக்குபவரை எட்டுவது அரிது. வருகைப் பதிவேட்டிலேனும் அவர் பெயர் இருக்குமா என்பதே ஐயம். நோய் தோன்றும் காலத்தில், அவர் எந்தக் கூரையை இறக்கினார் என்பதற்குச் சான்று இராது.