கால் சுற்று

ஓசூர் சிப்காட் பக்கம் சுற்றினால் ‘பிரிசிஷன்’ என்று முடியும் பெயர்ப்பலகைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். 1951இல் லியோ ஃபெண்டர் தன் எலக்ட்ரிக் பேஸ் கிட்டாருக்கு வைத்த பெயரும் அதுவே: பிரிசிஷன் பேஸ். ஆளுயர டபுள் பேஸின் வழவழப்பான கழுத்தில் விரல் வைக்குமிடத்தைக் காதுதான் தேட வேண்டும். ஃபெண்டர் தன் பேஸின் கழுத்தில் மெட்டுகளை, அதாவது ஃப்ரெட்டுகளைப் பதித்தார். சுருதி தவறாது என்பதால் அந்தப் பெயர்.

டூல் ரூமில் வேலை பார்க்கும் ஓசூர் நண்பர் ஒருவர் பெங்களூரிலிருந்து பழைய பேஸ் ஒன்றை வாங்கி வந்தார். இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸைக் கேட்டு வளர்ந்தவர். பத்து நிமிடம் வாசித்தாலே கட்டைவிரலின் அடியில் வலி. “என் கைக்கு இது ஒத்துவராது போல சார்” என்றார். கோளாறு கையில் இல்லை. கம்பி மெட்டுக்கு மேலே நான்கு மில்லிமீட்டர் உயரத்தில் நின்றது.

பேஸ் ஏற்கெனவே கையை விரிக்கச் சொல்லும் வாத்தியம். கம்பி கழுத்தின் மேல்முனையில் அமரும் நட்டிலிருந்து உடலில் அமரும் பிரிட்ஜ் வரை வழக்கமாக 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. பிரிட்ஜ் வரை மீதமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும். முதல் மெட்டு 48 மி.மீ. தள்ளி வருகிறது, சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரில் 36தான். இதோடு உயரமான கம்பியையும் அழுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்?

சரி, உயரத்தைக் குறைத்தால் போயிற்று என்று உடனே பிரிட்ஜில் கைவைக்கக் கூடாது. முதலில் கழுத்து. நான்கு கம்பிகளும் சேர்ந்து அதை ஏறத்தாழ 75 கிலோ விசையோடு இழுக்கின்றன. ஒன்றரை சிமென்ட் மூட்டை. அந்த இழுப்பை எதிர்க்கக் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது: ட்ரஸ் ராடு. முறுக்கித் திருத்தக்கூடிய வடிவத்துக்கு கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1920களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றுவிட்டார்.

ஆலன் கீயை எடுத்த நண்பர், ட்ரஸ் ராடை முறுக்கிக் கழுத்தை ஸ்கேல் வைத்தாற்போல் நேராக்கிவிட்டார். டூல் ரூம் புத்தி! கம்பியைத் தட்டினால் கரகரவென்று மெட்டில் உரசியது. தடித்த ‘ஈ’ கம்பி நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. ஆனால் அகலமாக ஆடுகிறது, நடுவில் மிக அதிகமாக. அந்த ஆட்டத்துக்கு இடம்விட்டுக் கழுத்து லேசாகக் குழிந்திருக்க வேண்டும். முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்தால், எட்டாவது மெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 0.3 மி.மீ. இடைவெளி. “டேப்பெட் செட்டிங் மாதிரிதானே” என்று சட்டைப் பையிலிருந்து இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை எடுத்தார். இசைக்கடையில் தேட வேண்டிய கருவி அவரிடம் எப்போதுமே இருந்திருக்கிறது.

அதன் பிறகுதான் உயரம். பதினேழாவது மெட்டில் தடித்த கம்பிக்கு 2.4, மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. என்று தொடங்கலாம். ஓங்கி அடிப்பவருக்கு இன்னும் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும்.

கடைசி வேலை சுருதி. பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதி. அங்கே அழுத்தினால் அதிர்வெண் இரட்டிப்பாக வேண்டும். ஆனால் அழுத்தும்போதே கம்பி சற்று நீள்கிறது, இழுவிசை கூடுகிறது. கம்பியின் விறைப்பும் சேர்ந்து சுருதி ஏறிவிடுகிறது. வீணையில் மெழுகில் பதித்த மெட்டையே நகர்த்தி மேளம் கட்டிவிடலாம். இங்கே மெட்டு அசையாது. அதனால் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமர்ந்திருக்கும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுகிறோம், தடித்த கம்பிக்குக் கூடுதலாக. உயரத்தை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறும். அதனால்தான் இது கடைசி.

எஃகு பழகிய கைக்கு மரம் தரும் தொல்லை வேறு. ஈரத்தைக் குடிக்கிறது, காய்கிறது, வளைவை மாற்றிக்கொள்கிறது. ஓசூர் மேட்டிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இறங்கினாலே வெக்கை வேறு. போன ஐப்பசி மழையில் பெட்டியைத் திறந்த நண்பர், டியூனரைத் தொடாமல் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். 0.3 தகடு தொளதொளவென்று போய்வந்தது. ஆலன் கீயைக் கால் சுற்று இறுக்கினார். மரம் உட்கார நேரம் வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டு, டீ சாப்பிடக் கூட்டிப் போனார்.