சிவப்பு விளக்கில் அணைந்துபோகும் கார்

அதிகாலை மணி 4.40. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலாமைத் தாண்டிக் கோலாலம்பூர் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். காலை நிகழ்ச்சி 6 மணிக்கு, 5.15-க்குள் வானொலி நிலையத்தில் இருக்க வேண்டும். முன்னால் போன லாரி வேகத்தைக் குறைத்தது. நானும் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துக் கிளச்சை மிதித்தேன். இஞ்சின் அணைந்துவிட்டது.

இஞ்சின் நின்றால் கார் நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கார் நிற்காது, ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்குக்குக் கைகொடுக்கும் வெற்றிடம் இஞ்சினிலிருந்து வருவது. மிச்சமிருந்தது இரண்டு மிதிக்குப் போதுமானதாக இருந்தது. மூன்றாவது மிதியில் பெடல் மரக்கட்டை போல நின்றது. இரண்டு கால்களாலும் அழுத்திச் சாலையோரம் ஒதுங்கினேன். பின்னால் வந்த டிரெய்லரின் ஹாரன் சத்தம் என்னைக் கடந்து போய் வெகுநேரம் காதிலேயே நின்றது.

வானொலிக்காரர்களுக்கு ஒரு தனிப் பயம் உண்டு: நேரலையில் திடீரென்று விழும் மௌனம். அதைவிடப் பயங்கரமான மௌனமும் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கார், புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ. 1990களின் இறுதியில் வந்தது. 1.8 லிட்டர், 16 வால்வு, ஏறக்குறைய 140 குதிரைத்திறன். மிட்சுபிஷி வழிவந்த 4ஜி93 இஞ்சின், ரெகாரோ இருக்கைகள், லோட்டஸ் பொறியாளர்கள் செப்பம் செய்த சஸ்பென்ஷன். லோட்டஸை 1996-இல் புரோட்டோன் வாங்கியிருந்த காலம் அது. பள்ளி நாள்களில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது இந்தக் கார் ஒன்று கடந்து போனால் நாங்கள் பேச்சை நிறுத்திவிடுவோம். முப்பது வயது தாண்டி, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், நல்ல நிலையில் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். முன்னாள் உரிமையாளர் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல் வைத்திருந்தார். அதாவது, இனி நான் சொல்லப்போகும் வியாதிகள் அத்தனையும் நானே காசு கொடுத்து வாங்கியவை.

மூன்றே மாதத்தில் நான்கு மாற்றங்கள். முதலில் திறந்த வடிகட்டி, நம் பையன்கள் ஓப்பன் பாட் என்பார்களே, அது. அடுத்து எக்ஸ்ட்ராக்டர். பிறகு அளவில் பெரிய த்ரோட்டில் பாடி. கடைசியாக, இவற்றையெல்லாம் ஒத்துப்போகச் செய்ய ஒரு பிக்கிபேக் பெட்டி. காரின் கணினிக்கும் சென்சார்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, உள்ளே வரும் காற்றின் அளவைக் கூட்டியும் குறைத்தும் சொல்லும் கருவி அது. கணினியின் காதில் திட்டமிட்டுப் பொய் சொல்லும் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3,000 சுற்றுக்கு மேல் கார் சிங்கம். சிவப்பு விளக்கில் நோயாளி. ஓய்வுச் சுற்று 600-க்கும் 1,400-க்கும் இடையில் ஊஞ்சலாடியது. இஞ்சின் குளிர்ந்திருந்தால் ஓரளவு நல்ல பிள்ளை, சூடேறினால் அணைந்துவிடும். பின்னால் நின்றால் பெட்ரோல் நாற்றம் கண்ணைக் கரிக்கும். முன்பு ஒரு டாங்கியில் ஓடிய தூரத்தில் கால்பங்கு காணாமல் போயிருந்தது.

மூன்று பட்டறைகளுக்குப் போனேன். மூன்றிலும் காரின் முகப்பைத் திறப்பதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்தார்கள். ஒருவர் பெட்ரோலைக் கூட்டினார். இரண்டு நாள் நன்றாக ஓடியது. அடுத்தவர், "முதல் ஆள் கூட்டிட்டாரு" என்று குறைத்தார். மூன்றாமவர் த்ரோட்டில் திருகாணியைக் கொஞ்சம் திருகி ஓய்வுச் சுற்றை மேலே தூக்கிவிட்டார். மொத்தச் செலவு 2,700 வெள்ளி. நெடுஞ்சாலைச் சம்பவம் அதற்கும் பிறகு நடந்தது.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி கத்தவில்லை. பின் இருக்கையில் இருந்த மகளின் குழந்தை இருக்கையைக் கழற்றித் தன் காரில் மாட்டிக்கொண்டார். "இது சரியாகுற வரைக்கும் பாப்பா அதுல ஏறமாட்டா. நீங்க ஏறுறதும் எனக்குப் பிடிக்கல" என்றார். விற்றுவிடச் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பேன்.

நண்பர் ஒருவர் கிள்ளானில் ஒரு ஃபோர்மனிடம் அனுப்பினார். அறுபதைத் தாண்டியவர். பட்டறையில் மடிக்கணினி இருந்தது. அதன்மேல் ஒரு துணி கிடந்தது. நான் குதிரைத்திறன், காற்று-எரிபொருள் விகிதம் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும் தம்பி. எதை எப்ப மாட்டுன? எதை மாட்டுன பிறகு இந்த வியாதி வந்துச்சி?"

எனக்குத் தெரியவில்லை. த்ரோட்டில் பாடியையும் பிக்கிபேக்கையும் ஒரே சனிக்கிழமையில் மாட்டியிருந்தோம். எக்ஸ்ட்ராக்டர் அதற்கு முந்தைய வாரமா, அதற்கும் முந்தையதா என்பதுகூட நினைவில் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். வங்கிக் கணக்கில் பணம் போன தேதிகளைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பத்தாம் வகுப்பு வரலாற்றுத் தாள்கூட அத்தனை கடினமாக இருக்கவில்லை.

முதல் வேலையாகப் பிக்கிபேக்கைக் கழற்றினார். அதன் கம்பிகளை யாரோ வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். இஞ்சின் சூட்டில் பசை இளகி வழிந்திருந்தது. "பொய் சொல்ற ஆள வீட்ட விட்டு அனுப்பிட்டுத்தான் மத்தவங்கள விசாரிக்கணும்" என்றார். கம்பிகளைப் பழையபடி ஈயம் வைத்து இணைத்தார். பிறகு, யாருமே எனக்குச் செய்யாத சாதாரணச் சோதனைகள். நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆக, இஞ்சினின் உடம்பு நலம். ஸ்பார்க் பிளக்குகள் நான்கும் கரிக்கட்டை. நன்றாக எரியும் இஞ்சினில் அவை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். பெல்ட்டின் குறிகள் சரி. இக்னிஷன் டைமிங் சரி. ஸ்டார்ட் செய்யும்போது இஞ்சினுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்த்தார், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி சரியில்லை என்று பொருள். என் காரில் அரை வோல்ட்டைத் தாண்டியது. பச்சைப் பூத்திருந்த அந்தக் கம்பிக்குப் பதிலாகப் போட்ட புதுக் கம்பியின் விலை 15 வெள்ளி. சென்சார்கள் எல்லாம் பேசுவது வோல்ட் கணக்கில். எர்த் சரியில்லை என்றால் எல்லாருடைய பேச்சும் குளறும்.

அதன்பின் ஒரு பழைய பெயிண்ட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே சூடேறும் கம்பி, கொஞ்சம் பேபி ஆயில், இரண்டு குழாய்கள். அவரே செய்த புகைக் கருவி. இஞ்சினை அணைத்துவிட்டு, காற்று போகும் பாதையை மூடி, மெல்லிய அழுத்தத்தில் புகையை உள்ளே செலுத்தினார். பட்டறை முழுக்கக் குளித்து முடித்த கைக்குழந்தையின் வாசம். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு த்ரோட்டில் பாடியும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில், அடிப்பக்கத்தில், நூல் போல ஒரு புகை எழுந்தது.

பெரிய த்ரோட்டில் பாடிக்கு ஏற்ற கேஸ்கட் கிடைக்காமல் கையால் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஓர் ஓரம் சரியாகப் பதியவில்லை. அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஏர்ஃப்ளோ சென்சாரோ அதற்கு முன்னால் இருக்கிறது. இந்தத் திருட்டுக் காற்று அதன் கணக்கில் வராது. கணக்கில் இல்லாத காற்றுக்குக் கணினி பெட்ரோல் தராது. ஓய்வுச் சுற்றில் இஞ்சின் இழுப்பதே கொஞ்சம் காற்றுதான். அதில் இது பெரிய பங்கு. மேல் சுற்றிலோ ஆற்றில் விட்ட சொம்புத் தண்ணீர். சிங்கம் எங்கே நோயாளி எங்கே என்ற புதிர் அங்கேயே அவிழ்ந்தது.

"காத்து அதிகம்னா பெட்ரோல் பத்தாமத்தானே போகணும்? எனக்கு ஏன் அங்கிள் பெட்ரோல் நாத்தம் அடிக்குது, பிளக் கருப்பா இருக்கு?" என்றேன். "இப்பத்தான் ஒழுங்கான கேள்வி கேட்குற" என்றார்.

இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் அந்தக் கேள்விக்கான பதில்தான். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் எக்ஸ்ட்ராக்டரின் மேல் விளிம்பில் காது வைக்கச் சொன்னார். 'டிக், டிக், டிக்' என்று மெல்லிய சத்தம். போல்ட் ஒன்று தளர்ந்து, புகை கசிகிறது. அதே இடுக்கு வழியே வெளிக்காற்றும் உள்ளே போகும். புகை குழாயில் அலை அலையாகப் போவதால், இரண்டு அலைகளுக்கு நடுவே அழுத்தம் குறைந்து, காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. சற்றுத் தள்ளி இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துவிடுகிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சமிருந்தால் பெட்ரோல் போதவில்லை என்றுதான் கணினி புரிந்துகொள்ளும்; மேலும் ஊற்றும். சென்சார் பழுதில்லை, பார்த்ததைத்தான் சொன்னது. இதற்காகவே நான் இரண்டு முறை புதுச் சென்சார் வாங்கிப் போட்டேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது வினை, அந்தத் திருகாணி. த்ரோட்டில் முழுவதும் மூடியிருக்கிறது என்ற சைகை வந்தால்தான் கணினி ஓய்வுச் சுற்றைத் தன் கையில் எடுக்கும். திருகாணியைத் திருகியதால் த்ரோட்டில் எப்போதும் ஒரு மயிரிழை திறந்தே இருந்தது. ஓட்டுநரின் கால் இன்னும் மிதியில்தான் இருக்கிறது என்று கணினி எண்ணிக்கொண்டது. நான் காலை எடுத்ததும் விழுகிற இஞ்சினைத் தாங்கிப் பிடிக்க அதற்குத் தோன்றவே இல்லை. அதிகாலை 4.40-க்கு நடந்தது இதுதான்.

ஆக, மூன்று கோளாறுகள். ஒன்றுகூட மென்பொருளில் இல்லை. ஆனால் மூன்று பட்டறைகளிலும் மென்பொருளைத்தான் திருத்தினார்கள். காய்ச்சல் எதனால் என்று பாராமல் பாராசிட்டமால் கொடுத்த கதை. இரண்டு நாள் நன்றாக ஓடியதே, அந்த இரண்டு நாள்தான் எங்கள் எல்லாரையும் ஏமாற்றியது.

கேஸ்கட்டையும் போல்ட்டையும் சரிசெய்ததோடு அவர் விடவில்லை. காரை அதன் பிறந்த நிலைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அசல் வடிகட்டிப் பெட்டி வீட்டு ஸ்டோரில் தீபாவளி விளக்குகளுக்கு அடியில் கிடந்தது. அசல் த்ரோட்டில் பாடியை 80 வெள்ளிக்கு விற்றிருந்தேன். அதே போன்ற ஒன்றைப் பழைய உதிரிபாகக் கடையில் 250 வெள்ளிக்கு வாங்கினேன். கழற்றிய அசல் பாகங்களை விற்காதீர்கள். துணியில் சுற்றி, பெயர் எழுதி வையுங்கள்.

இரண்டு வாரம் அப்படியே ஓட்டினேன். சலிப்பூட்டும் அளவுக்கு நன்றாக ஓடியது. பிறகு எக்ஸ்ட்ராக்டர், புதுக் கேஸ்கட்டுடன். ஒரு வாரம் ஓட்டம். அடுத்து ஓப்பன் பாட். அதை மாட்டியதும் ஓய்வுச் சுற்று லேசாக நடுங்கியது. ஏர்ஃப்ளோ சென்சாரின் முகத்தில் தேன்கூடு போன்ற வலை இருக்கும். சீரான காற்றோட்டத்தைத்தான் அது ஒழுங்காக அளக்கும். சுழன்றடித்து வரும் காற்று அதைக் குழப்பும். போதாததற்கு, நான் வடிகட்டிக்குத் தாராளமாகத் தடவிய எண்ணெய் அந்த வலையிலும் படிந்திருந்தது. அதைச் சுத்தம் செய்தோம். பாட் மறுபடி ஸ்டோருக்குப் போனது. பெரிய த்ரோட்டில் பாடியையும் திரும்ப மாட்டவில்லை.

பிக்கிபேக் கடைசியில் வந்தது. டைனோ மேடையில், புகைக்குழாயில் வைட்பேண்ட் அளவியைச் சொருகி, விகிதத்தைக் கண்ணால் பார்த்தபடி ட்யூனிங் செய்தோம். சீராக ஓடும்போது 14.7-ஐ ஒட்டி, முழு மிதியில் 12.8. பெட்ரோல் குறைந்த நிலையில் முழு மிதி மிதித்தால் தட்டல் வந்து பிஸ்டனே போய்விடும் என்பதால், முழு மிதியில் கொஞ்சம் தாராளமாகவே விட்டார்கள். பாதிப் பொருள்களைக் கழற்றிய பின்னும், பழைய அளவீட்டைவிட 7 குதிரைத்திறன் கூடுதல். டைனோ கடைப் பையன் தாளை என்னிடம் நீட்டியபோது கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பார்த்தான்.

இன்னொன்று. இதெல்லாம் அதே இஞ்சினை வைத்துக்கொண்டு செய்தவை. இஞ்சினையே மாற்றப் போகிறவர்கள், ஹாப்கட் கடைக்குப் போவதற்கு முன் ஜேபிஜே அனுமதியையும் புஸ்பகோம் பரிசோதனையையும் விசாரித்துக்கொள்ளுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, குழந்தை இருக்கை பழைய இடத்துக்குத் திரும்பியது. கிள்ளானுக்குப் போனோம். வழியில் நீண்ட சிவப்பு விளக்கு. மகள் தூங்கிவிட்டாள். பக்கத்தில் மனைவி, நான் பார்க்கிறேனா என்று பார்க்காமல், சுற்றுமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். முள் 850-இல் நின்றது. பச்சை விழும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஃபோர்மனிடம் பழங்கள் கொடுத்துவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் லேசாக ஒரு இருமல் இருக்கிறது என்றேன். நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதச் சொன்னார். "தண்ணி சூடு பாக்குற சென்சாரா இருக்கும். அடுத்த மாசம் கொண்டா, பாப்போம். அதுவரைக்கும் நீ எந்த ஸ்குருவையும் தொடாத."