எந்த வருஷம் பாஸ் அவுட்?

வாக்-இன் இன்டர்வியூ விளம்பரங்களில் '2025 பாஸ் அவுட் மட்டும்' என்று ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும். நம் ஊரில் யாருக்கும் இதில் குழப்பமில்லை. அந்த வருஷம் படிப்பை முடித்தவர்கள் வரலாம், அவ்வளவுதான். லண்டன்காரரோ சிகாகோகாரரோ படித்தால், மயங்கி விழுந்தவர்களை எதற்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று முழிப்பார். அங்கே 'ஐ பாஸ்டு அவுட்' என்றால் நினைவு தப்பிவிட்டது என்று அர்த்தம். வெயில் தாங்காமல் இருக்கலாம், ரத்தத்தைப் பார்த்து இருக்கலாம், அளவு மீறிக் குடித்தும் இருக்கலாம்.

அதற்காக நாம் சொல்வதைத் தப்பு என்று தலையில் குட்டுகிற இங்கிலீஷ் வாத்தியார்கள் பக்கம் நான் இல்லை. ராணுவப் பயிற்சி முடித்து வெளியேறுவதற்கு பிரிட்டிஷ்காரர்களே புழங்கும் சொல்தான் இது. சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குப் போய்ப் பாருங்கள். 1963-ல் தொடங்கிய அந்த இடத்தில் இன்றும் நடப்பது 'பாஸிங் அவுட் பரேடு'. இலங்கையில் 1987-ல் உயிர் நீத்து பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரனின் பெயர் தாங்கிய திடலில் கேடட்டுகள் விறைப்பாக அணிவகுப்பார்கள். பிறகு தோளில் மூடியிருக்கும் நட்சத்திரத்தின் உறையைப் பெற்றோர் விலக்குவார்கள். பிள்ளை அதிகாரி ஆகிவிட்டான். நெடுநேரம் வெயிலில் நின்ற கேடட் ஒருவர் சரிந்து விழுந்தால், அதே திடலில் இரண்டு அர்த்தத்திலும் பாஸ் அவுட்!

அமெரிக்க வகுப்பறையில் இதற்கு இன்னொரு வேலை உண்டு. டீச்சர் கேள்வித்தாளை 'பாஸ் அவுட்' செய்தால் ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார். இங்கே மட்டும் இரண்டு சொல்லையும் பிரிக்கலாம். 'பாஸ் தெம் அவுட்' சரி. 'பாஸ் அவுட் தெம்' என்றால் காதில் உறுத்தும். மயக்கத்துக்கும் பரேடுக்கும் இந்தப் பிரிவினை கிடையாது.

இப்படி வினையோடு ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்கள்தான் வெளிநாட்டாரை அதிகம் படுத்துகின்றன என்று சாமுவேல் ஜான்சன் 1755-ல் வந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'எழுதித் தள்ளினான்' என்கிறோம். எதை எங்கே தள்ளினான் என்று தமிழ் படிக்கும் வெள்ளைக்காரர் கேட்டால் என்ன சொல்வது?

'பாஸ் அவுட்'டை 'பாஸ் அவே'யோடு மட்டும் குழப்பிவிடக் கூடாது. பின்னது இறந்துபோவது. போன மாதம் பட்டம் வாங்கிய மருமகனைப் பற்றி அப்படி எழுதினால் அனுதாப மெயில்தான் வரும். வெளிநாட்டுக்குப் போகும் ரெஸ்யூமேயில் 'கிராஜுவேட்டட் இன் 2025' என்று போட்டுவிடுங்கள், வம்பில்லை. உள்ளூர் கம்பெனிக்கு அந்தக் கவலை வேண்டாம். அங்கே ஹெச்.ஆர். கேட்கும் முதல் கேள்வியே 'எந்த வருஷம் பாஸ் அவுட்?' என்பதுதான்.